திருத்தினால் பறக்கும், யாருடைய தலைக்கு மேலே?

பாதி விலைக் கணக்கு எண்டு ஒன்று எங்கட வீடுகளில் இருக்கிறது. ஒரு சாமான் பழுதாகினால், திருத்தக் கேட்கிற காசு புதுசின் விலையில் பாதியைத் தாண்டுதோ என்று பார்ப்பார்கள். தாண்டினால் விடு. தாண்டாவிட்டால் திருத்து. தண்ணி மோட்டர், தையல் மெசின், மோட்டச்சைக்கிள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. எங்கள் வீட்டுத் தண்ணி மோட்டருக்கு இதுவரை நாலு தரம் கம்பி சுத்தியாயிற்று. அதைத் தூக்கி எறிவம் என்று சொன்னால் அப்பா என்னைத்தான் தூக்கி எறிவார்.

இந்தப் பழக்கத்தை நான் பகிடி பண்ணவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடினவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் எங்கட அப்பா அம்மா ஆக்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு பழுதான சாமானை ஓட வைக்கிறது எங்களுக்குக் காசு மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. அது ஒரு கெட்டித்தனம். "புதுசு வாங்கினனி" என்று சொல்லுறதை விட "திருத்திப்போட்டன்" என்று சொல்லுறதில் ஒரு கெத்து இருக்கிறது.

ஆனால் ட்ரோனுக்கு இந்தக் கணக்கு சரிவரவில்லை. ஏன் எண்டு யோசிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. இப்போது கலியாண வீடியோ எடுக்கிற பெடியளில் கனபேரிடம் ட்ரோன் இருக்கிறது, அதில் ஒரு நாள் விழாத ட்ரோன் குறைவு. ஆகவே இது உங்களில் ஆருக்காவது பிரயோசனப்படும்.

எங்களுடையது டிஜேஐ மினி 2. 2020 நவம்பரில் வெளிவந்த மாதிரி. எடை 249 கிராம். நானும் என்ர மாமி மகனும் சேர்ந்து சின்னதாக வீடியோ வேலை செய்கிறோம், ட்ரோன் பறக்கவிடுறது அவன்தான். இதைப் புதுசாக வாங்கவில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருசம் புது ட்ரோனின் விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணை வெளிநாடு போக வெளிக்கிட்டபோது மூன்று பற்றரியோடு எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார், காசைத் தவணையில்தான் கட்டினோம். கைமாறி வந்த சாமான் என்றபடியால் கொம்பனியின் காப்புத் திட்டம் எதுவும் அதில் இல்லை.

அந்த 249 கிராமைப் பற்றி ஒரு இடைச்செருகல். ஏன் சரியாக 249? அமெரிக்கா போன்ற நாடுகளில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிற ட்ரோன் 250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு தேவையில்லை. அந்தக் கோட்டுக்கு ஒரு கிராம் கீழே நிற்பதற்காகவே செய்த சாமான் இது. இலங்கையில் அந்தக் கோடு 200 கிராமில் இருக்கிறது. அதனால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேணும், ட்ரோனின் தொடர் இலக்கமும் அந்தப் பதிவில் இருக்கும். புதுசு வாங்கினால் காசோடு சேர்த்து இந்தக் கடதாசி அலைச்சலும் முதலிலிருந்து வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கோ.

இனி விழுந்த கதை. தை பிறந்தால் எங்கட பக்கம் கலியாணமும் பட்டமும் ஒண்டாத்தான் வரும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கிறது நாடு முழுக்கத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் வடமராட்சியில் எந்த வளவிலும் ஒரு பட்டம் நிற்கும். ஏத்திப்போட்டுப் பனையிலோ வேலிக் கதியாலிலோ கட்டிவிட்டுப் பெடியள் சாப்பிடப் போய்விடுவார்கள். விண் கூவுகிற சத்தம் கேட்கும், பட்டம் எங்கேயோ தூரத்தில் தெரியும், நூல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் தங்கூசி எண்டால் சொல்லத் தேவையில்லை.

கலியாண வீட்டில், மாப்பிள்ளை அழைப்பு நேரம், அனுமதி எல்லாம் எடுத்து முன்வாசலில்தான் பறக்கவிட்டவன். ஏறக்குறைய 30 மீற்றர் உயரம். மூன்று நாலு வளவு தள்ளிக் கட்டியிருந்த பட்டத்தின் நூல், காற்று திரும்பினவுடன் சரிந்து வந்து ட்ரோனில் சிக்கியது. மினி 2க்குக் கீழே பார்க்கிற சென்சர் மட்டும்தான். நாலு பக்கமும் பார்க்கிற விலை கூடின ட்ரோன்களுக்கும் மெல்லிய நூல், வயர் பிடிபடுறது கஷ்டம். இதில் ஆரைக் குற்றம் சொல்லுறது? பட்டம் விட்ட பெடியனையோ, காற்றையோ? ட்ரோன் சுழன்று வீட்டுக்கு மேலால் போய்ப் பின்வளவில் சமையல் கொட்டிலின் தகரத்தில் அடித்து, உருண்டு நிலத்தில் விழுந்தது. அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஒரு மாமிக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்திருக்கும்.

அவ ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "என்ன தம்பி, வண்டு விழுந்திட்டுதோ?" என்று கேட்டா. பக்கத்தில் இருந்த வயசான ஆக்கள் சிரித்தார்கள். எங்கள் வயசுக்காரருக்கு அந்தச் சொல் விளங்காமல் போகலாம். போர்க்காலத்தில் மேலே சுத்திக்கொண்டிருந்த வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் வண்டு. அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரத்தில் வேறு என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் ட்ரோன் எழும்பும்போது இளசுகள் கை காட்ட, அறுபது தாண்டின சிலர் ஒரு அடி பந்தலுக்குள் தள்ளி நிற்பதை நான் முன்னமும் கண்டிருக்கிறேன்.

விழுந்த ட்ரோனை எடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பற்றரியைக் கழட்டுவது. கன பேர் முதலில் கமரா வேலை செய்யுதோ என்று ஒன் பண்ணிப் பார்ப்பார்கள். அடிபட்ட லிதியம் பற்றரி உடனே ஒன்றும் செய்யாமல், மணித்தியாலங்கள் கழித்துச் சூடாகி நெருப்புப் பிடிக்கலாம். வீங்கியிருக்கோ, நசிந்திருக்கோ என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில் ஒரு நாள் வைத்தோம். அது தப்பியிருந்தது. ஆனாலும் அந்தப் பற்றரியை நாங்கள் பிறகு பாவிக்கவில்லை, அது வேற கதை.

மற்றச் சேதம் இப்படி. முன் வலது கை மூட்டுக்குப் பக்கத்தில் உடைந்து தொங்கியது. கிம்பல், அதாவது கமராவை ஆடாமல் பிடிக்கிற பகுதி, ஒரு பக்கம் சரிந்து போயிருந்தது. செட்டைகள் நாலைந்து உடைந்திருந்தன. செட்டையைப் பற்றிக் கவலை இல்லை, அது விலை குறைந்த சாமான். ஒரே மோட்டரில் இருக்கிற இரண்டு செட்டையையும் சேர்த்தே மாற்ற வேணும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கோ. ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் எடை ஒத்துவராமல் நடுங்கும். அந்த நடுக்கம் வீடியோவில் ஜெலி ஆடுவது மாதிரித் தெரியும்.

கையும் கிம்பலும்தான் செலவு. மினி 2இன் முன் கால்களுக்குள் அன்ரெனா இருக்கிறது. அதனால் முன் கை உடைந்தால் வெறும் பிளாஸ்ரிக் உடைந்தது என்று எடுக்க ஏலாது, சிக்னலும் சேர்த்துப் போகலாம். மோட்டரின் மூன்று வயர்களும் கைக்குள்ளால் போய் உள்ளே போர்ட்டில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். கழட்டிப் பூட்டுகிற வேலை இல்லை அது. கிம்பலுக்குள்ளே போகிற பட்டையான கேபிள் கடதாசி மாதிரி மெல்லிசு. கேபிளின் விலை பெரிசில்லை, அதை மூன்று மடிப்புக்குள்ளால் கிழியாமல் கோர்த்தெடுக்கிற கைக்குத்தான் காசு.

டவுனில் போன் திருத்துகிற ஒரு அண்ணை ட்ரோனும் பார்ப்பார். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு 58,000 ரூபாய் சொன்னார். அதே நேரம் எங்களுக்குக் கிடைத்த புது ட்ரோன் விலை மினி 4கேக்கு 130,000. இந்த மாதிரிக்கு மினி 2இன் பற்றரி அப்படியே போடலாம், ஆகவே பற்றரிக் காசு மிச்சம். 130,000இல் பாதி 65,000. 58,000 அதற்குக் கீழே. பாதி விலைக் கணக்கின்படி கேள்வியே இல்லை, திருத்து.

மச்சான் அப்பவே காசை எண்ணத் தொடங்கிவிட்டான். தை மாசிக்குள் இன்னும் ஐந்து கலியாணம் கையில் இருந்தது.

நான் அந்த அண்ணையிடம் ஒன்று கேட்டேன். "திருத்தினாப் பிறகு முன்ன மாதிரி நம்பிப் பறக்கவிடலாமோ அண்ணை?"

"தம்பி, பறக்கப் பண்ணித் தருவன். விழாது எண்டு எழுதித் தரச் சொல்லாதேங்கோ."

அவர் நேர்மையான மனுசன். அந்த ஒரு வசனத்தில்தான் என்ர கணக்கு முழுக்கக் குழம்பினது.

தண்ணி மோட்டர் திருத்தின பிறகு திரும்பப் பழுதானால் தண்ணி வராது. போன் பழுதானால் கையில் செத்துக் கிடக்கும். எங்களுடையது மாதிரிச் சின்ன நாலு மோட்டர் ட்ரோனில் ஒரு மோட்டர் நின்றால் மற்ற மூன்றும் அதைத் தாங்காது, நிலை தவறிச் சுழன்று விழும். மிச்ச மோட்டர்களை வைத்துச் சமாளித்து இறங்குவதற்கு ஆறு, எட்டு மோட்டர் உள்ள பெரிய ட்ரோன்களுக்கு வாய்ப்புக் கூட. எங்களுடையது ஒரு நடுத்தர மாம்பழத்தின் எடைதானே என்று மச்சான் சொன்னான். சரி, உயர்தரத்தில் படித்த பௌதிகத்தை ஒருக்கா எடுத்துப் பார்த்தேன். 30 மீற்றரிலிருந்து விழுகிற எதுவும், காற்றின் தடையை விட்டுவிட்டால், நிலத்தைத் தொடும்போது மணிக்கு 87 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். தடை இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறையும், அரைவாசியாகவே குறையட்டும். அந்த வேகத்தில் ஒரு மாம்பழம் உச்சந்தலையில் விழுந்தால்? மாம்பழத்துக்காவது கூரான கால்களும் சுத்துகிற செட்டையும் இல்லை.

இன்னொரு விஷயம், இது தொழில் தெரிந்த ஆக்கள் எல்லாரும் சொல்லுறது. விழுந்த ட்ரோனில் கண்ணுக்குத் தெரிகிற உடைவு பிரச்சினை இல்லை, அதைத்தான் மாற்றிவிடுவார்களே. மயிர் அளவு வெடிப்பு, ஈயம் விட்டுப் போகத் தொடங்கின ஒரு ஒட்டு, மோட்டருக்குள் ஒரு மண் துணிக்கை, இதுகள் திருத்தின அன்றைக்குத் தெரியாது. மேசையில் வைத்து ஒன் பண்ணினால் எல்லாம் பச்சை லைட் காட்டும். பத்து, இருபது பறப்பின் அதிர்வுக்குப் பிறகுதான் கதை தெரியும். அந்தப் பத்தாவது, இருபதாவது பறப்பு யாருடைய கலியாண வீட்டில் வரப்போகிறது?

இதை மச்சானுக்குச் சொல்ல அவன் கோபப்பட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. "புது ட்ரோன் எண்டால் விழாதோ? பட்ட நூலுக்குப் புதுசு பழசு தெரியுமோ?" என்றான். உண்மைதான். நூல் வந்தால் 130,000 ரூபாய்ச் சாமானும் விழும். நான் சொன்னது இவ்வளவுதான்: நூலால் விழுந்தால் அது எங்கள் கையில் இல்லை. திருத்தின மூட்டு விட்டு விழுந்தால், விடலாம் எண்டு தெரிந்துகொண்டேதான் அதைச் சனத்துக்கு மேலே அனுப்பியிருப்போம். இரண்டும் ஒன்றில்லை. அவன் ஒரு கிழமை என்னோடு வடிவாகக் கதைக்கவில்லை.

காசுக் கணக்கில் அவன் பக்கம்தான் பாரம் கூட. 130,000 எங்களிடம் இல்லை. கடன் வாங்கினால் அந்தக் கடனை அடைக்க ட்ரோன் வேலை கூட எடுக்க வேணும், கூட எடுத்தால் கூடப் பறக்கும், கூடப் பறந்தால்... சரி, விடுங்கோ.

கடைசியில் திருத்தக் கொடுத்தோம். ஒரு நிபந்தனையோடு. ஆக்கள் நிற்கிற இடத்துக்கு மேலே இது இனிப் பறக்காது. ஊர்வலம், பந்தல், மாப்பிள்ளை அழைப்பு ஒன்றுக்கும் இல்லை. அப்படி ஒரு காட்சி கட்டாயம் வேணும் என்கிற வீட்டுக்குப் புது ட்ரோன் வைத்திருக்கிற வேறு ஒருவரைப் பிடித்துக் கொடுப்பது, அந்தக் காசு அவருக்கே. மச்சான் இதற்கு ஒத்துக்கொண்டது என்ர பேச்சைக் கேட்டில்லை. பிறகு நடந்த ஒன்றால்.

திருத்தி வந்த ட்ரோனை மாசி மாதம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்குக் கொண்டுபோனோம். ஆளும் இல்லை, மாடும் இல்லை. திசைகாட்டியையும் மற்ற உள் சென்சர்களையும் போன் சொல்லுகிறபடி அளவுதிருத்தம் செய்துவிட்டு, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அப்படியே நிறுத்தி ஒரு பற்றரி முடிய விட்டோம். ஆடவில்லை. படம் கண்ணாடி மாதிரி. மச்சான் என்னைப் பார்த்த பார்வையிலேயே "பாத்தியோ" எண்டு இருந்தது. இறக்கினவுடன் நாலு மோட்டரிலும் விரல் வைத்துப் பார்த்தோம். புது மோட்டர் உட்பட மூன்று இளம் சூடு. பின் இடது மோட்டர் விரல் வைக்க ஏலாமல் சுட்டது. விழுந்தபோது கீறல் கூடப் படாத பக்கம் அது. கடை அண்ணையும் சுத்திப் பார்த்துவிட்டு நல்லம் எண்டு சொன்ன மோட்டர்.

செட்டையைக் கழட்டி லைட் அடித்துப் பார்த்தால் மோட்டருக்குள் அச்சைச் சுத்தி ஒரு மெல்லிய வளையம். தங்கூசி. சூட்டில் உருகி அச்சோடு ஒட்டிப் போயிருந்தது. சிமிட்டாவால் எடுக்கப் பார்த்தோம், முழுக்க வரவில்லை. கடை அண்ணை பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் மோட்டரை மாற்றித் தந்தார், சாமானுக்கு மட்டும் 7,000 எடுத்தார். 58,000உம் 7,000உம் 65,000. பாதி விலைக் கணக்கு நூல் பிடித்த மாதிரிக் கோட்டில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு அந்த வயலில் இருபது பற்றரி பறக்கவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு நாலு மோட்டரிலும் விரல், மூட்டுகளில் லைட். ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை பிரச்சினை இல்லை. நிபந்தனையை மாற்றுவமோ எண்டு மச்சான் கேட்கவில்லை.

கலியாண விலைப்பட்டியலில் ட்ரோன் வரியை அடித்தோம், ஒரு கலியாணத்துக்கு 20,000 குறைந்தது. ஐந்து வீட்டில் இரண்டு வீடு எங்களை விட்டுப் போனது. ஒரு பெம்பிளையின் தகப்பன், "ட்ரோன் இல்லாட்டி என்ன கலியாண வீடியோ தம்பி?" என்று போனில் கேட்டார். விளங்கப்படுத்தினேன். கேட்டுப்போட்டு, "நல்ல பிள்ளையள், ஆனா மகள் ஆசைப்படுறாள்" எண்டு வேற ஆக்களைப் பிடித்தார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. மற்ற மூன்று வீடும் இருந்தன, அதில் ஒரு வீடு ட்ரோனைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஆளில்லாத வேலை எண்டால் என்ன வேலை வரும் என்று யோசித்தோம், வந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்தின் நிலைமையைப் பார்க்க வேணும் எண்டு பக்கத்து ஊர்க் கோயில் பரிபாலன சபையில் கேட்டார்கள். சாரம் கட்டி ஆளை ஏத்திப் பார்க்கிறதுக்கு முன்னால், எவ்வளவு வேலை இருக்கு எண்டு தெரிந்தால் செலவுக்கு ஒரு திட்டம் போடலாமாம். விடியப்புறம், பூசை தொடங்க முதல், வாசலில் கயிறு கட்டி ஆக்களை வெளியே நிறுத்திவிட்டு ஏத்தினோம். மேல் தட்டில் ஒரு சிலையின் கை விட்டுப் போயிருந்தது, கலசத்துக்குக் கீழே ஒரு ஆலங்கன்று நல்ல உயரத்துக்கு வளர்ந்து நின்றது. கீழேயிருந்து பார்த்தால் இரண்டும் தெரியாது. சபைத் தலைவர் போன் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் தம்பி போன வருசமே எடுக்கேல்லை?" என்றார். 8,000 ரூபாய் தந்தார்கள், மோதகமும் வடையும் வேற. அடுத்த கோயிலுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய கையையும் சரிந்த கிம்பலையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். கொடிகாமப் பக்கம் ஒரு பெடியன் தன்ர மினி 2இன் முன் கால் உடைந்துபோச்சு எண்டு எங்களிடம் சாமான் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறன்.